இவோக்ராமா: காட்டைக் கொடுத்தவர்களும் காசைக் கொடுக்காதவர்களும்

1989 அக்டோபரில் காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் கோலாலம்பூரில் கூடினார்கள். அங்கே கயானாவின் அதிபர் டெஸ்மண்ட் ஹொய்ட், தன் நாட்டு மழைக்காட்டில் ஏறத்தாழ பத்து லட்சம் ஏக்கரை உலக ஆய்வுக்காக ஒதுக்கித் தருவதாக அறிவித்தார். காட்டை அழிக்காமல் அதை வைத்து மக்கள் பிழைக்க வழி உண்டா என்று அறிவியலாளர்கள் அங்கே தங்கிச் சோதித்துப் பார்க்கட்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். சிறிய, ஏழை நாடுகள் இதுபோன்ற கூட்டங்களுக்கு உதவி கேட்டுத்தான் வரும். கடனில் கழுத்துவரை மூழ்கியிருந்த ஒரு நாடு இங்கே கொடுக்க வந்திருந்தது.

காலம் அதற்குத் தோதாக இருந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் பிரேசிலின் ரப்பர் தொழிலாளர் தலைவர் சிகோ மெண்டிஸ் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அமேசான் எரியும் படங்கள் உலகச் செய்தித்தாள்களை நிறைத்திருந்தன. அதே மாநாட்டில்தான் சுற்றுச்சூழல் பற்றிய லங்காவிப் பிரகடனமும் வெளியானது. காமன்வெல்த் பொதுச்செயலாளர் நாற்காலியில் அப்போது இருந்தவர் ஸ்ரீதத் ராம்பால், அவரும் கயானாக்காரர். ஹொய்ட் ஒதுக்கிய காட்டில் பின்னர் அமைந்த மையத்தின் பெயர், மழைக்காட்டுப் பாதுகாப்புக்கும் மேம்பாட்டுக்குமான இவோக்ராமா சர்வதேச மையம். சர்வதேச மையம் ஒன்றை உருவாக்குவது என்றால் என்ன, அதை நடத்துவது என்றால் என்ன என்பதை அறிய இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கயானா தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் இருக்கிறது. பரப்பில் தமிழ்நாட்டைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம்; மக்கள்தொகை எட்டு லட்சம் அளவில்தான். அவர்களில் பெரும்பாலோர் கடற்கரையை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டையில் வசிக்கிறார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறியவர்களின் வாரிசுகள் அங்கே ஏராளம். சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களின் வழித்தோன்றல்களை இன்றும் ‘மதராசி’ என்றே அழைக்கிறார்கள். பெர்பிஸ் பகுதியில் அவர்களது காளி கோயில்கள் இருக்கின்றன. இந்தக் கடற்கரைப் பட்டைக்குத் தெற்கே நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 85 விழுக்காடு காடு. கரையோர மக்களில் பலர் அதற்குள் காலெடுத்து வைத்ததே இல்லை.

ஒதுக்கப்பட்ட பகுதி நாட்டின் நடுவில், எஸ்ஸெக்விபோ ஆற்றின் மேற்கே இருக்கிறது. இன்றைய கணக்கில் 3,71,000 ஹெக்டேர். நம் முதுமலைப் புலிகள் காப்பகத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

ஹொய்ட்டின் கொடையை முழுக்கப் பெருந்தன்மை என்று எழுதிவிட முடியாது. அந்த ஆண்டில்தான் கயானா பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகளை ஏற்றுப் பொருளாதாரச் சீரமைப்பில் இறங்கியிருந்தது. வெளியுலகின் நல்லெண்ணம் அதற்கு அவசரமாகத் தேவைப்பட்டது. பிரேசில் எல்லையிலிருக்கும் லெதெம் நகருக்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து போகும் மண்சாலை இந்தக் காட்டின் நடுவாக வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. சாலை வந்தால் மரம் வெட்டுபவனும் தங்கம் தோண்டுபவனும் பின்னாலேயே வருவார்கள் என்பது அமேசான் முழுவதும் பார்த்த கதை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோலாலம்பூர் அறிவிப்புக்கு இரண்டே ஆண்டுகளில், 1991இல், அதே அரசு ஏறத்தாழ 17 லட்சம் ஹெக்டேர் காட்டை மலேசிய, தென்கொரிய முதலீட்டில் இயங்கிய பராமா என்ற மரக் கம்பெனிக்குக் குத்தகையாகக் கொடுத்தது. உலகத்துக்குக் கொடுத்ததைப் போல நான்கரை மடங்கு.

அறிவிப்பு வந்துவிட்டது, மையத்தின் வடிவம் என்ன? அதை வரைய காமன்வெல்த் செயலகம் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அதன் தலைவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். பிலிப்பைன்ஸின் லாஸ் பானியோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தை 1982 முதல் 1988 வரை நடத்திவிட்டு அப்போதுதான் சென்னை திரும்பியிருந்தார். ஒரு சர்வதேச ஆய்வு நிலையம் எப்படிப் பிறக்கிறது, எதனால் பிழைக்கிறது என்று உள்ளிருந்து பார்த்தவர்கள் உலகில் சிலர்தான், அவர்களில் ஒருவர். பயன்படுத்தியபடியே பாதுகாப்பது என்பதே குழு வகுத்த பாதையின் மையம். காட்டைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் கைவைக்காமல் விடுவது. மறுபாதியில் மரம், சுற்றுலா, பிற காட்டுப்பொருட்கள் என்று அளவோடு பயன்படுத்திப் பார்ப்பது. தொடாத பாதி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சான்றாகவும் இருக்கும். ஆய்வகத்தில் செய்யும் சோதனையை ஒரு மாவட்டத்தின் அளவில் செய்யத் துணிந்த திட்டம் இது.

ஆனால் எல்லாம் மெதுவாகவே நகர்ந்தன. 1992 தேர்தலில் ஹொய்ட் தோற்று, செட்டி ஜகன் ஆட்சிக்கு வந்தார். பழைய ஆட்சியின் திட்டம் என்று ஜகன் இதைக் கிடப்பில் போடவில்லை. நம் ஊர் வழக்கத்தை அறிந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1993இல் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்திலிருந்து 30 லட்சம் டாலர் வந்தது. 1995 ஆகஸ்டில் ஓமாய் தங்கச் சுரங்கத்தின் கழிவணை உடைந்து, 300 கோடி லிட்டருக்கும் மேலான சயனைடு கலந்த நீர் எஸ்ஸெக்விபோவில் இறங்கியது. இவோக்ராமா அந்த இடத்துக்கு மேலே, ஆறு வரும் திசையில் இருந்ததால் தப்பியது. மூன்று மாதம் கழித்து, நவம்பரில், கயானா அரசும் காமன்வெல்த் செயலகமும் மையத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1996இல் நாடாளுமன்றம் இவோக்ராமா சட்டத்தை நிறைவேற்றியது. அறிவிப்புக்கும் சட்டத்துக்கும் இடையே ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. மழைக்காட்டின் மேல் உலகத்துக்கு இருந்த காய்ச்சல் அதற்குள் பாதி இறங்கியிருந்தது.

காட்டை நிர்வகிக்கும் அதிகாரம் பன்னாட்டு அறங்காவலர் குழுவுக்குப் போனது. நிலத்தின் இறையாண்மை கயானாவிடமே இருந்தது. எஸ்ஸெக்விபோவைச் சாலை கடக்கும் குருபுகாரியில், ஆற்றங்கரையில், கள நிலையம் எழுந்தது. பிலடெல்பியாவின் இயற்கை அறிவியல் அகாதமியிலிருந்து ஆய்வாளர்கள் வந்து உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். மீன்கள் மட்டும் 400 இனங்களுக்கு மேல். வௌவால்கள் 80க்கு மேல். இத்தனை மீன்கள் எப்படி வந்தன என்பதற்கு ஒரு புவியியல் விளக்கம் உண்டு. காட்டின் தெற்கே ருபுனுனிப் புல்வெளி. மழைக்காலத்தில் அந்தப் புல்வெளி ஏரியாகிவிடும். அப்போது ஒருபுறம் எஸ்ஸெக்விபோவுக்கு வடியும் நீரும் மறுபுறம் அமேசானுக்கு வடியும் நீரும் சில வாரங்களுக்கு ஒன்றாகக் கலக்கின்றன. இரண்டு பெரும் ஆற்றுப் படுகைகளின் மீன்களுக்கும் அதுதான் கதவு. ஆங்கிலேயக் கடலோடி வால்ட்டர் ராலே கனவுகண்ட தங்க நகரத்தின் ஏரி இந்த வெள்ளத்தைப் பற்றிய செவிவழிச் செய்தியிலிருந்து பிறந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

பயன்படுத்தும் பாதியில் நடந்த மர அறுவடை தனியாகப் பார்க்க வேண்டியது. கயானாவின் பெயர்பெற்ற மரம் கிரீன்ஹார்ட். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. துறைமுகத் தூண்களுக்கும் கால்வாய் மதகுகளுக்கும் நெடுங்காலமாக ஐரோப்பா வாங்கிச் சென்றது. வேறு நாடுகளில் அநேகமாகக் கிடைப்பதில்லை. விதை கனமானது, காற்றில் பறக்காது; தாய்மரத்தின் காலடியிலேயே விழும். வளர்ச்சியும் மிக மெதுவானது. ஆகவே கண்மூடித்தனமாக வெட்டினால் அந்த இடத்தில் அது மீண்டும் தலைகாட்டப் பல தலைமுறை ஆகும். இங்கே கையாண்ட முறையில், வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு பெரிய மரத்தையும் கண்டு, எண் அடித்து, வரைபடத்தில் குறித்துவிடுகிறார்கள். கொடிகள் பக்கத்து மரங்களையும் சேர்த்து இழுத்துச் சாய்த்துவிடும் என்பதால் அவற்றை முன்கூட்டியே அறுக்கிறார்கள். உள்ளே பொந்து இருக்கிறதா என்று ரம்பத்தின் நுனியைச் செருகிப் பார்க்கிறார்கள். பொந்து இருந்தால் மரத்தை விட்டுவிடுகிறார்கள், பறவைகளுக்கு அது வீடு. எந்தத் திசையில் சாய்ப்பது, எந்தத் தடத்தில் இழுப்பது என்பதெல்லாம் காகிதத்தில் முடிவான பிறகே ரம்பம் ஓடும். ஓரிடத்தில் வெட்டினால் அடுத்த முறை அங்கே திரும்புவது 60 ஆண்டுகள் கழித்து. பொறுப்பான காட்டு நிர்வாகத்துக்கான எஃப்.எஸ்.சி. சான்று 2008இல் கிடைத்தது.

60 ஆண்டுச் சுழற்சி என்பதை நிறுத்தி யோசிக்க வேண்டும். முதல் வெட்டின் விளைவை முழுமையாக அறியவே அவ்வளவு காலம் வேண்டும். அதை அளக்க வரும் நிதியோ மூன்றாண்டு, மிஞ்சினால் ஐந்தாண்டுத் திட்டம்.

இந்தக் காட்டில் ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள். ஃபேர்வியூ என்ற மகுஷிப் பழங்குடிக் கிராமம் காட்டுக்குள்ளேயே இருக்கிறது. தெற்கு விளிம்பில் சுராமா, அன்னாய் முதலிய கிராமங்கள். பத்து லட்சம் ஏக்கரை உலகத்துக்குக் கொடுப்பதாகக் கோலாலம்பூரில் அறிவித்தபோது அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகுஷிகளுக்கு வெளியிலிருந்து வரும் ஆய்வாளர்கள் புதிதல்ல. அம்பு நஞ்சைத் தேடி 1812இலேயே சார்லஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் அவர்களிடம் வந்தார். அந்த வகை நஞ்சுகளிலிருந்து பின்னாளில் அறுவை சிகிச்சைக்கான தசைத்தளர்வு மருந்துகள் பிறந்தன. நஞ்சைக் காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை.

மக்களைக் கேட்காமல் விட்ட தவறை மையம் திருத்திக்கொண்டது என்பதுதான் அதன் பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன். 1990களின் நடுவில் கிராமம் கிராமமாகக் கூட்டங்கள் நடந்தன. 1996இல் வட ருபுனுனிக் கிராமங்கள் சேர்ந்து ஒரு மாவட்ட மேம்பாட்டுக் குழுவை அமைத்துக்கொண்டன. மையம் எதைச் செய்தாலும் இந்தக் குழுவோடு பேச வேண்டியிருந்தது. மகுஷிப் பெண்களே ஆய்வாளர்களாகித் தங்கள் உணவு, வேட்டை, மருந்து, பயிர் பற்றித் தரவு சேகரித்தார்கள். அந்த வேலை 1996இல் புத்தகமாக வந்தது. சுராமாவின் சிட்னி அலிகாக் இந்தக் காலத்தில் தலைவராக உருவானவர். 2015இல் நாட்டின் பழங்குடி மக்கள் துறை அமைச்சரானார்.

அரபைமா மீனின் கதை இதில் தனி அத்தியாயம். உலகின் மிகப் பெரிய நன்னீர் மீன்களில் ஒன்று; மூன்று மீட்டர் வரை வளரும். இதற்குத் தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் மட்டும் போதாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து வாயால் காற்றை விழுங்கியாக வேண்டும். வேட்டைக்காரனுக்கு அது வசதி. கணக்கெடுப்பவனுக்கும் அதுவே வசதி என்று பிரேசிலின் மமிராவா காப்பகத்து மீனவர்கள் காட்டினார்கள். ஏரியின் ஒரு பகுதியைப் பிரித்துக்கொண்டு, படகில் அசையாமல் அமர்ந்து, 20 நிமிடம் எண்ணுவார்கள். மேலே வரும்போது எழும் சத்தம், முதுகு தெரியும் விதம், வாலின் நிறம் இவற்றை வைத்து ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட பெரியதா, அதற்குக் குறைந்த இளையதா என்று பிரிப்பார்கள். ஒரே மீனை இரண்டு முறை எண்ணாமல் இருப்பதுதான் வித்தை. பின்னர் அதே ஏரியை வலைபோட்டு எண்ணிச் சரிபார்த்தபோது, தேர்ந்த மீனவர்களின் கணக்கு நெருக்கமாகப் பொருந்தியது. லியாண்ட்ரோ காஸ்டெலோ என்ற ஆய்வாளர் 2004இல் இதை ஆய்விதழில் எழுதினார்.

அந்த மீனவர்களிடமிருந்து வட ருபுனுனியின் மீனவர்கள் இதைக் கற்றார்கள். மீனவருக்கு மீனவர் ஆசிரியர். கயானாவில் அரபைமாவைப் பிடிப்பது சட்டப்படி தடை. ஆனாலும் எல்லைக்கு அப்பால் கடத்தி விற்கும் வியாபாரம் அதை ஏறக்குறையத் துடைத்தெடுத்திருந்தது. எண்ணத் தொடங்கியபின் காவல் தானாக வந்தது. சில ஆண்டுகளில் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. பட்டம் பெறாத ஒரு மனிதரின் காதும் கண்ணும் அறிவியல் கருவியாக முடியும் என்று ஒப்புக்கொண்ட பயிற்சி இது. பயிற்சி மையம் என்றால் குளிரூட்டிய கருத்தரங்க அறை, கோப்புறை, சான்றிதழ் என்று நினைக்கும் நம் அலுவலர்கள் ஒருமுறை படிக்க வேண்டிய அத்தியாயம்.

வனக்காவலர்கள், சுற்றுலா வழிகாட்டிகள் பயிற்சியும் இதே முறையில்தான் நடந்தது. அன்னாய்க்கு அருகில் பீனா ஹில் என்ற இடத்தில் கிராமங்கள் தங்களுக்கென்றே ஒரு இளைஞர் பயிற்சி நிலையமும் சமூக வானொலியும் தொடங்கின.

இத்தனைக்குப் பிறகும் மையம் ஏன் பணமின்றித் தள்ளாடியது? நம் கல்வெட்டுகளைப் புரட்டினால் விடை கிடைக்கும். கோயிலில் ஒரு நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய வேண்டுமென்று நினைத்த சோழர்காலத்துக் கொடையாளி விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கூடவே 96 ஆடுகளைக் கொடுத்தான். மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வதும், நாள்தோறும் உழக்கு நெய் அளப்பதும் ஆட்டைப் பெற்ற மன்றாடி என்ற இடையனின் பொறுப்பு. இவோக்ராமாவுக்கு விளக்கு கிடைத்தது. ஆடுகள் வரவில்லை.

சுவாமிநாதன் நடத்திய நெல் நிலையத்தின் கதையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அந்த நிலையத்தை 1960இல் போர்டு, ராக்பெல்லர் அறக்கட்டளைகள் தொடங்கின. 1971இல் அதுபோன்ற நிலையங்களுக்குத் தொடர்ந்து நிதி தரவென்றே கொடையாளிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார்கள். 1993இல் இந்தோனேசியாவின் போகோரில் தொடங்கப்பட்ட சர்வதேச வனவியல் ஆய்வு மையம் அந்தக் கூட்டமைப்பின் குடைக்குள் பிறந்தது. பனாமாவின் பாரோ கொலராடோ தீவு இன்னும் பழையது: 1923 முதல் ஆய்வுக்காடு, 1946 முதல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பொறுப்பில். அங்கே 50 ஹெக்டேரில், ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்தையும் 1980களின் தொடக்கத்திலிருந்து குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை அளந்துவருகிறார்கள். அதே முறையில் 1988இல் இந்திய அறிவியல் கழகம் முதுமலையில் அமைத்த 50 ஹெக்டேர் திடல் இன்றும் அளக்கப்படுகிறது. இவற்றின் பின்னால் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. இவோக்ராமா பிறந்தது காமன்வெல்த் மடியில். காமன்வெல்த்துக்குக் கொடி உண்டு, மாநாடு உண்டு, பிரகடனம் உண்டு, கஜானா கிடையாது.

தொடக்கத்தில் பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், கனடா எனப் பலர் கொடுத்தார்கள். அந்தத் திட்டங்கள் முடிந்தபோது, 2000களில், மையம் தன் சோற்றைத் தானே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. மர அறுவடை, கள நிலையத்தில் தங்கும் ஆய்வாளர்கள், மாணவர்கள், சுற்றுலாப் பயணிகள் தரும் கட்டணம், தரையிலிருந்து 30 மீட்டர் உயரத்தில் மரத்துக்கு மரம் கட்டிய நடைபாலம் எல்லாம் இந்தத் தேடலின் பகுதிதான். காடு தன்னையே காப்பாற்றிக்கொள்ளும் என்று உலகுக்கு நிரூபிக்கத்தானே மையம் வந்தது, இதில் என்ன தவறு என்று கேட்கலாம். காடு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆய்வையும் பயிற்சியையும் சேர்த்துச் சுமக்க அதனால் முடியாது. எந்தப் பல்கலைக்கழகமும் தன் தோப்பு விளைச்சலில் நடப்பதில்லை.

2008 மார்ச்சில் ஒரு புதிய யோசனை வந்தது. கேனோப்பி கேப்பிடல் என்ற லண்டன் முதலீட்டுக் குழு, இவோக்ராமா காடு தரும் மழை, குளிர்ச்சி, கார்பன் சேமிப்பு ஆகிய சேவைகளுக்கு ஐந்தாண்டு உரிமம் வாங்கியது. இந்தச் சேவைகளுக்குச் சந்தை உருவானால் லாபத்தில் பெரும்பங்கு மையத்துக்கு. பத்திரிகைகள் கொண்டாடின. முதலீட்டாளர்கள் எதிர்பார்த்த சந்தை உருவாகவில்லை. மழைக்கு விலை போடலாம், வாங்குபவன் வேண்டுமே.

பின்னர் வாங்குபவர்கள் வந்தார்கள், ஆனால் மையத்தைத் தாண்டிப் போனார்கள். காட்டை அழிக்காமல் வைத்திருப்பதற்காகக் கயானாவுக்கு 25 கோடி டாலர் வரை தருவதாக 2009 நவம்பரில் நார்வே ஒப்பந்தம் செய்தது. 2015இல் கயானாவின் கடலில் எண்ணெய் கிடைத்தது. 2019 டிசம்பரில் எடுக்கத் தொடங்கினார்கள். 2022 டிசம்பரில், அதே கடலில் எண்ணெய் எடுக்கும் கூட்டணியில் இருந்த ஹெஸ் நிறுவனம், கயானாவின் காட்டுக் கார்பன் அலகுகளைக் குறைந்தது 75 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. வருவாயில் 15 விழுக்காடு பழங்குடிக் கிராமங்களுக்கு என்பது ஏற்பாடு. எண்ணெய்க்காரன் காட்டுக்குக் காசு கொடுப்பதில் உள்ள முரணை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் காட்டை நிற்கவைத்தே நாடு வருமானம் பார்க்கலாம் என்று 1989இல் ஹொய்ட் பேசியதற்கு இப்போது ரசீது இருக்கிறது.

இந்தப் பணத்தில் ஒரு விழுக்காட்டைத் தொடமுடியாத மூலநிதியாக ஒதுக்கி, வட்டியை மட்டும் இவோக்ராமாவின் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் கொடுத்தால், மர விற்பனையை நம்பி ஆய்வாளர்களை வைத்திருக்கும் நிலை மாறும். அதைச் செய்யவேண்டியது முதலில் கயானா அரசு. அடுத்து, காட்டைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு கைதட்டிவிட்டுக் கலைந்த காமன்வெல்த் நாடுகள். இந்தியாவும் அவற்றில் ஒன்று. இனி எங்கேனும் மழைக்காட்டு ஆய்வு மையம் என்று அடிக்கல் நாட்டு விழாவுக்கு அழைப்பிதழ் வந்தால், இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போங்கள்: உள்ளே வசிப்பவர்களிடம் கேட்டீர்களா? மூலநிதி எவ்வளவு, எந்தக் கணக்கில் இருக்கிறது?